பழைய பூனையும் புதுக் குட்டிகளும்: குதிர் இருக்கும் வீட்டில் சண்டை தீர வழி

தானியம் இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டில் பூனை வேண்டும். தருமபுரி மாவட்டம் ஏரியூர் போன்ற மானாவாரிப் பகுதியில் இதை விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மழையை நம்பி விளைந்த ராகியும் சாமையும் மூட்டையாகவோ குதிரிலோ வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அடுத்த ஆடிப் பட்டத்துக்கென்று எடுத்து வைத்த விதைக்கடலையும் அதே வீட்டின் ஒரு மூலையில்தான் இருக்கிறது. எலி தின்பது கொஞ்சம். சிந்துவதும், சிறுநீராலும் புழுக்கையாலும் பாழாக்குவதும் அதிகம்.

ஆகவே நன்றாக எலி பிடிக்கும் பூனை ஒன்று வீட்டில் இருந்தால், சம்பளம் கேட்காத இரவுக் காவலாள் ஒருவர் இருப்பதற்குச் சமம். அந்தப் பூனை ஒருநாள் திடீரென்று வீட்டில் கலகம் செய்யத் தொடங்குவதுண்டு. காரணம், புதிதாக வந்து சேர்ந்த குட்டிகள். தாயை இழந்த குட்டிகள் தட்டுப் போரிலோ, கிணற்று மோட்டார் அறையிலோ, சாலையோரத்திலோ கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மனம் பொறுக்காமல் எடுத்து வந்துவிடுவார்கள். பழைய பூனை சீறுகிறது, பாய்கிறது, குட்டிகளைக் கடிக்க வருகிறது.

இந்த நிலையில் வீட்டார் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பழைய பூனையை அடித்து விரட்டுவார்கள். அல்லது குட்டிகளைச் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருவார்கள். முதலாவதைச் செய்தால், குட்டிகள் வளர்ந்து எலி பிடிக்கத் தொடங்கும் வரை குதிருக்குக் காவல் இல்லை. இரண்டாவதைச் செய்தால் குட்டிகள் நாய்க்கு இரையாகும். இவ்விரண்டும் தேவையற்றவை. இரண்டு மூன்று வாரப் பொறுமையும், ஒரு பஞ்சாரமும், கொஞ்சம் பழந்துணியும் இருந்தால், பெரும்பாலான வீடுகளில் இந்தச் சண்டையைத் தீர்த்துவிடலாம்.

பூனை ஏன் சீறுகிறது?

பூனை பொறாமைப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியப் பகுதியின் காட்டுப் பூனை என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்தக் காட்டுப் பூனை தனியே வேட்டையாடும் பிராணி. மனிதன் தானியம் சேமிக்கத் தொடங்கியபோது எலி வந்தது. எலியைத் தேடிப் பூனையும் மனிதனிடம் வந்து சேர்ந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகில் பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். உறவு அவ்வளவு பழையது. ஆனால், தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதைக் காக்கும் குணம் பூனையை விட்டுப் போகவில்லை.

அந்த எல்லையைப் பூனை வாசனையால்தான் அறிகிறது. கதவு நிலையிலும், கட்டில் காலிலும், நம் கணுக்காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது தன் வாசனையைப் பூசி வைப்பதற்காகவே. அந்நிய வாசனையுள்ள குட்டிகளை ஒரே நாளில் நடுவீட்டில் கொண்டு வந்து விட்டால், பூனைக்கு அது எல்லை தாண்டி வந்த எதிரி. வாசனை பழகிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

குட்டியை எடுப்பதற்கு முன்

குட்டிகள் தனியே கிடப்பதாலேயே தாய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. தாய்ப் பூனை இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு மாற்றிக் கொண்டிருக்கலாம். ஆபத்தில்லாத இடமானால் சில மணி நேரம் தொலைவில் நின்று கவனித்துவிட்டு, தாய் வராவிட்டால் எடுக்கலாம்.

பிறந்த குட்டி ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் கண் திறக்கும். நான்கு வாரம் ஆகும்போது மெத்தென்ற உணவைத் தின்னத் தொடங்கும்; எட்டு வாரத்தில் பால் மறக்கும். நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு முதல் தேவை சூடு. அதன் பிறகே உணவு. உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டக்கூடாது. பசும்பால் இவற்றுக்குச் சரிவர ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு உண்டாகும். இப்படிப்பட்ட இளங்குட்டிகளுக்குக் கால்நடை மருத்துவரிடம் உணவு முறையைக் கேட்டறிந்து கொள்வது நலம். குட்டிகள் மனிதனோடும் மற்ற பிராணிகளோடும் எளிதில் பழகும் பருவம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. இந்நாட்களில் தினமும் கையால் தொட்டுப் பழக்கினால் பிற்காலத்தில் சாதுவாக இருக்கும்.

முதல் இரண்டு வாரம் தனியே

வந்த அன்றே குட்டிகளைப் பழைய பூனையின் கண்ணில் காட்டவே கூடாது. பூனைகளுக்கு வரும் பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடும். தடுப்பூசி போடாத பெரிய பூனைக்கும் தொற்றும். ஆகவே குட்டிகளை இரண்டு வாரம் தனியே வைத்து, வாந்தி, பேதி, சோர்வு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குடற்புழு மருந்தையும் மருத்துவர் சொல்லும் அளவில் இந்நாட்களில் கொடுத்துவிடலாம்.

தனி அறை இல்லாத வீட்டில் என்ன செய்வது? கதவு உள்ள கொட்டகையோ, சாமான் அறையோ போதும். அதற்குள் கோழி மூடும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, சாக்கு விரித்து, மேலே துணி போட்டு மூடிக் குட்டிகளை விடலாம். மலம் கழிக்க ஒரு பழைய தட்டில் மணல் வைத்தால் குட்டிகள் தாமே பழகிக்கொள்ளும். கர்ப்பிணிகள் அந்த மணலை அள்ளுவதைத் தவிர்க்கவேண்டும்.

இங்கே ஒரு முக்கிய விதி உண்டு. பழைய பூனை படுக்கும் சாக்கு, அது தின்னும் தட்டு, இரவில் சுற்றிவரும் குதிர்ப்பக்கம் ஆகியவற்றில் எதையும் குட்டிகளுக்கென்று பிடுங்கக்கூடாது. குட்டிகள் வந்ததால் தனக்கு எதுவும் குறையவில்லை என்பது அந்தப் பூனைக்கு நாள்தோறும் தெரியவேண்டும்.

வாசனை, பார்வை, சந்திப்பு

பழக்கும் முறை மூன்று படிகளைக் கொண்டது. ஒரு படி முழுமையாக முடிந்த பிறகே அடுத்த படிக்குச் செல்லவேண்டும்.

முதற்படி வாசனை. குட்டிகள் தனியே இருக்கும் நாட்களில், அவை நோயின்றித் தெளிவாக இருப்பது தெரிந்த பிறகு இதைத் தொடங்கலாம். ஒரு பழந்துணியால் குட்டிகளின் கன்னத்தையும் முதுகையும் துடைத்து, பழைய பூனையின் தட்டிலிருந்து சில அடி தள்ளி வைக்கவேண்டும். இன்னொரு துணியால் பழைய பூனையைத் துடைத்துக் குட்டிகளிடம் வைக்கவேண்டும். துணியைக் கண்டு சீறினால் இன்னும் தள்ளி வைக்கலாம். சீறாமல் பக்கத்திலேயே நின்று தின்னும் நாள் வரும் வரை தினமும் இப்படிச் செய்யவேண்டும். அடுத்து, மூடிய கதவின் இருபுறமும் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் உணவு வைத்து, நாளுக்கு நாள் தட்டுகளைக் கதவருகில் நகர்த்தவேண்டும். அந்த வாசனை வரும்போதெல்லாம் வயிறு நிறைகிறது என்று பூனையின் மனதில் பதிந்துவிடும்.

இரண்டாம் படி பார்வை. இரண்டு வாரம் முடிந்து குட்டிகள் நலமாக இருந்தால், பஞ்சாரத்தின் மேல் போட்ட துணியை ஒரு பக்கம் விலக்கி, பழைய பூனைக்குத் தொலைவில் உணவு வைத்துக் காட்டலாம். சில நிமிடங்கள் போதும். நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்யலாம். பஞ்சாரத்தின் இடைவெளியில் பூனையின் கை நுழையுமானால் கொசுவலைத் துணியைச் சுற்றிக் கட்டவேண்டும். பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்லையும் வைக்கவேண்டும்.

மூன்றாம் படி சந்திப்பு. பூனை வேட்டைக்குக் கிளம்பும் அந்தி நேரத்தில் இதைச் செய்யாமல், அது சோம்பிக் கிடக்கும் நண்பகலில் குட்டிகளை வெளியே விடலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று கூட்டவேண்டும். வெளியே போகும்போதும் இரவிலும் சில வாரங்களுக்குக் குட்டிகளைப் பஞ்சாரத்திலேயே மூடி வைப்பது பாதுகாப்பு. உணவுத் தட்டுகள் எப்போதும் தனித்தனியே இருக்கட்டும். பழைய பூனை ஏறி ஒதுங்கிக்கொள்ளப் பரணோ, உயரமான பலகையோ இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

எது கண்டிப்பு, எது சண்டை?

பெரிய பூனை சீறுவதும், உறுமுவதும், நகம் நீட்டாமல் ஒரு தட்டுத் தட்டுவதும் கண்டிப்பு. அதில் தலையிடக்கூடாது, குட்டி தன் இடத்தை அறிந்துகொள்வது அப்படித்தான். காதை மடித்துத் தலையோடு ஒட்டிக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்து, வாலை அடித்தபடி பதுங்கி வருமானால் அது தாக்குதலுக்கு முன்னறிவிப்பு. உடனே இடையில் ஒரு பலகையையோ தடித்த சாக்கையோ நிறுத்தவேண்டும். கையை நீட்டக்கூடாது, வெறி கொண்ட பூனை நம்மையே கடித்துவிடும். அடித்தால் பயன் இல்லை. குட்டிகளைக் கண்டாலே அடி விழுகிறது என்றுதான் அது கற்றுக்கொள்ளும். அடுத்த நாள் ஒரு படி கீழிறங்கி மீண்டும் தொடங்கவேண்டும்.

கருத்தடை செய்யாத கடுவன் பூனை குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு. அதனிடம் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். குட்டி போட்ட பெட்டைப் பூனையும் சில நாட்கள் மூர்க்கமாக இருக்கும். சாதுவான பூனை திடீரென்று முரடாகிவிட்டால், சீழ்க் கட்டியோ பல்வலியோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கடி பட்டால் அலட்சியம் வேண்டாம்

ரேபிஸ் என்னும் வெறிநோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். வந்தபின் பிழைப்பது மிக அரிது. வராமல் தடுப்பது எளிது. பூனை கடித்தாலோ, ரத்தம் வரக் கீறினாலோ, காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், எண்ணெய் எதையும் தடவக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்கவேண்டும். அங்கே இது இலவசம். குட்டிகளுக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசியும் போட்டு வரவேண்டும்.

எலி விஷமும் உண்ணி மருந்தும்

குட்டிகள் இருக்கும் வீட்டில் எலி விஷம் வைக்கக்கூடாது. குட்டிகள் விஷ உருண்டையை உருட்டி விளையாடும். விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும். குட்டிகள் தாயை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வயலில் வைக்க நேர்ந்தால் செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழப் புதைக்கவேண்டும்.

மாட்டு உண்ணிக்குப் பயன்படுத்தும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் போன்ற மருந்துகளைப் பூனையின் தெள்ளுப்பூச்சிக்குத் தடவக்கூடாது. மாடு தாங்கும், பூனையின் உடலால் அவற்றை முறிக்க முடியாது. மனிதருக்கான பாரசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு நஞ்சே.

உணவும் கருத்தடையும்

எலி பிடிக்கவேண்டும் என்று பூனையைப் பட்டினி போடுவது தவறு. பட்டினிப் பூனை வீட்டைவிட்டு அலையும். குட்டிகளோடு தட்டுக்குச் சண்டையிடும். பால்சோறு மட்டும் போதாது. பூனைக்கு இறைச்சிச் சத்து கட்டாயம் தேவை. மேட்டூர் அணை நீர்ப்பரப்பை ஒட்டிய ஊர்களில் மீன் தலை எளிதில் கிடைக்கும். வேகவைத்து, முள் நீக்கி, சோற்றில் பிசைந்து வைக்கலாம்.

பெட்டைக் குட்டி ஏறத்தாழ ஆறு மாதத்தில் பருவமடைந்துவிடும். சினைக்காலம் சுமார் 65 நாட்களே. கருத்தடை செய்யாவிட்டால், இன்று காப்பாற்றிய இரண்டு குட்டிகள் அடுத்த ஆண்டு ஒரு கூட்டமாகிவிடும். மறுபடியும் சாக்கைத் தேட நேரும். கருத்தடை செய்த கடுவனின் மூர்க்கமும் பெரும்பாலும் குறைகிறது. இதற்கான வசதியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டறியலாம்.

பூனை மட்டும் போதுமா?

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பது பழமொழி. அது முழு உண்மையன்று. நியூயார்க்கில் ஒரு கழிவுப் பொருள் கிடங்கில் 79 நாட்கள் படக்கருவி வைத்துக் கவனித்ததில், பூனைகள் கொன்றவை இரண்டே எலிகள் என்று 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எழுதினர். ஆனால் பூனை நடமாடிய நாட்களில் எலிகள் வெளியே வரத் தயங்கின. சுண்டெலியையும் இள எலியையும் பூனை பிடிக்கும். பெருச்சாளியோடு மோதப் பெரும்பாலும் விரும்பாது. ஆகவே மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளிப் பலகை மேல் அடுக்குவதும், வளைகளை அடைப்பதும், வயலில் தஞ்சாவூர் கிட்டி வைப்பதும் தொடரவேண்டும். பூனை இவற்றுக்குத் துணையே தவிர, மாற்று அல்ல.

சில பூனைகள் எத்தனை வாரமானாலும் குட்டிகளோடு கொஞ்சிக் குலாவா. அதனால் குறையொன்றுமில்லை. ஒன்று குதிரடியிலும் மற்றவை திண்ணையிலுமாக, ஒன்றையொன்று கடிக்காமல் ஒரே கூரையின்கீழ் இருந்தால் போதுமானது. அதற்கு மேலும் மூர்க்கம் தணியாவிட்டால், குட்டிகளை ஊருக்கு வெளியே விடாமல், எலித் தொல்லையுள்ள அக்கம்பக்கத்து வீட்டில் கொடுக்கலாம். அவர்கள் வீட்டுக் குதிருக்கும் காவல் வேண்டுமல்லவா?