முறையீடும் முறைமையும்

நுழையும்முன்

துன்புறுத்தப்பட்ட ஒருவர் தம் குறையைச் சொல்ல முன்வருவதற்குத் துணிவு மட்டும் போதாது. சொன்னால் கேட்பார் உண்டு, கேட்பவர் நடுநிலை தவறார் என்னும் நம்பிக்கையும் வேண்டும். அந்நம்பிக்கையை உருவாக்கும் விசாரணை முறை எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் காவிரிப் படுகையின் இலக்கியம், வரலாறு, இன்றைய சட்டம் ஆகியவற்றின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

இரு கதைகள், இரு நெறிகள்

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டப்பட்டிருந்தது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. இளவரசன் சென்ற தேரின் சக்கரத்தில் சிக்கிக் கன்று ஒன்று இறந்தது. தாய்ப்பசு அம்மணியை ஒலிக்கச் செய்தது. நடந்ததை அமைச்சரிடம் கேட்டறிந்த மன்னன், குற்றம் புரிந்தவன் தன் மகன் என்றும் பாராமல் முறை செய்தான். பெரியபுராணம் இதனை விரிவாகக் கூறுகிறது. வாய் பேச முடியாத உயிருக்கும் எட்டும் இடத்தில் மணி இருந்தது என்பதே இக்கதையின் சிறப்பு.

இதே சோழனின் செயலைப் புகார் நகரில் பிறந்த கண்ணகியும் பாண்டியன் அவையில் நினைவுகூர்கிறாள். அவள் எடுத்துரைத்த குறையோ வேறு வகையானது. பொற்கொல்லன் சொன்ன பழியை ஆராயாமல் ஏற்றுக் கோவலனைக் கொல்லச் செய்தான் பாண்டியன். உண்மையில் அரசியின் சிலம்பைத் திருடியவன் அப்பொற்கொல்லனே. கண்ணகி தன் சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகே மன்னனுக்கு உண்மை விளங்கியது. குற்றம் சாட்டப்பட்டவனின் சொல்லைக் கேளாமல் வழங்கிய தீர்ப்பு, அரசன் உயிரையும் கொண்டுசென்றது.

முறையிடுபவருக்கு வாயில் திறந்திருக்க வேண்டும் என்பது முதற்கதை தரும் நெறி. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பேச வாய்ப்பளிக்க வேண்டும் என்பது இரண்டாம் கதை தரும் நெறி. இவ்விரண்டும் சேர்ந்ததே முறையான விசாரணை. எனினும், இரு கதைகளிலும் நீதி அரசன் ஒருவனின் பண்பையே சார்ந்திருந்தது. கேட்பவர் நல்லவராக அமையாவிட்டால் என்ன செய்வது என்னும் வினாவுக்குப் பிற்கால வரலாறே விடை தேடியது.

பண்ணையாரே நடுவராக இருந்த காலம்

நெல் விளையும் தஞ்சை மண்ணில் பண்ணையாள் முறை நெடுங்காலம் நிலவியது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரான பண்ணையாள்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே நிலவுடைமையாளரிடம் உழைத்தனர். வேலை தருபவரும், கூலி அளப்பவரும், குற்றம் கண்டு தண்டிப்பவரும் அந்நிலவுடைமையாளரே. சாட்டையால் அடிப்பதும் சாணிப்பாலைக் குடிக்கச் செய்வதும் தண்டனைகளாக இருந்தன. யார்மீது குறையோ அவரிடமே முறையிட வேண்டிய நிலையில் முறையீடு பொருளற்றதாகிறது. குடியிருந்த மனையும் அவருடையதே ஆதலால், வாய் திறந்தவர் வேலையோடு வீட்டையும் இழக்க நேர்ந்தது.

1940களில் மன்னார்குடி வட்டாரத்தில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் எழுந்த விவசாயிகள் இயக்கம் இக்கொடுமைகளை எதிர்த்தது. இரு தரப்பினரும் அமர்ந்து பேசிக் கூலியையும் நடத்தும் முறையையும் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. 1952ஆம் ஆண்டு இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நிலவுடைமையாளருக்கும் பண்ணையாளுக்கும் இடையே எழும் வழக்குகளைக் கேட்கச் சமரச அலுவலரை அச்சட்டம் அமைத்தது. அவர் முடிவில் குறை கண்டவர் வருவாய் நீதிமன்றத்தை நாடலாம். வழக்கில் தொடர்பில்லாத மூன்றாமவர் ஒருவர், அவருக்கும் மேல் ஒரு முறையீட்டு இடம் என்னும் அமைப்பு இவ்வாறு பண்ணை வரப்புக்குள் நுழைந்தது.

ஆயினும் நிலவுடைமையாளர் பலர் பண்ணையாள்களை நீக்கிவிட்டு நாட்கூலிகளை அமர்த்திக்கொண்டனர். நாட்கூலிகளுக்கு அச்சட்டத்தின் பாதுகாப்புக் கிட்டவில்லை. கூலிப் பூசல்கள் தொடர்ந்தன. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அதன்பின், கிழக்குத் தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் நிலையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. குறைகளைக் காலத்தில் கேட்டுத் தீர்க்கும் இடம் வலுவாக இல்லாதபோது, பூசல் எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு அக்கொடுமை சான்றாக நிற்கிறது.

நடவு வயலும் பணியிடமே

இன்றும் காவிரிப் படுகையில் நாற்று நடுவோரும் களையெடுப்போரும் பெரும்பாலும் பெண்களே. அவர்களுக்குக் கூலிப் பிரச்சினையோடு பாலியல் துன்புறுத்தல் என்னும் மற்றோர் அச்சமும் உண்டு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பெண் பணியாளர் ஒருவருக்கு 1992இல் இழைக்கப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து, விசாகா வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 1997இல் நீதிமன்றம் வழங்கிய நெறிமுறைகளே பின்னர்ப் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமாக விரிவடைந்தன.

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். மூத்த பெண் பணியாளரே அதன் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நிறுவனத்தைச் சாராத ஒருவரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். உள்ளேயிருந்து வரும் அழுத்தத்திற்கு ஆட்படாத ஒரு குரல் விசாரணையில் ஒலிக்க வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம்.

பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்கும், முதலாளியின் மீதே புகார் எழும் நேர்வுகளுக்கும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. பண்ணையாரிடமே பண்ணையார்மீது முறையிட நேர்ந்த பழைய அவலத்திற்கு இது மாற்றாகிறது. ஊரகப் பகுதியில் வட்டார அளவிலுள்ள தொடர்பு அலுவலர் புகாரைப் பெற்று, ஏழு நாள்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் புகாரை எழுதித் தர உதவுவதும் கடமையாக்கப்பட்டுள்ளது. வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடத்தில் அடங்கும்.

தெரிந்து தெளிவோம்

நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதங்கள் வரை குழு நீட்டிக்கலாம். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். முடிந்த பத்து நாள்களுக்குள் அறிக்கை தரப்பட வேண்டும். பரிந்துரையின்மீது 60 நாள்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். குழு அமைக்கத் தவறும் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

நடுவர் கடைப்பிடிக்க வேண்டியவை

புகாரை விசாரிக்கும் குழுவின் பணி எளிதன்று. முறையிட்டவர் தம்மை நம்பவில்லை என்று வருந்தலாம். குற்றம் சாட்டப்பட்டவர் தம்மை முன்கூட்டியே குற்றவாளியாக்கிவிட்டனர் என்று கூறலாம். இவ்விரு மனக்குறைகளுக்கும் இடமளியாத வகையில் குழு நடந்துகொள்ள வேண்டும். புகாரின் படி எதிர்த்தரப்புக்குத் தரப்படுகிறது. இரு தரப்பும் தத்தம் சாட்சிகளை முன்வைக்கலாம். வழக்கில் தொடர்புடைய உறுப்பினர் விலகி நிற்பதே நேர்மை. முடிவுக்கான காரணங்கள் எழுத்தில் இருந்தால், அதனை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யவும் வழி பிறக்கும்.

விசாரணை நடைபெறும்போது, வேண்டுகோளின் பேரில் முறையிட்டவருக்கு விடுப்போ இருவரில் ஒருவருக்கு இடமாற்றமோ அளிக்கப் பரிந்துரைக்கலாம். இது தண்டனையாகாது, பழிவாங்கலைத் தடுக்கும் காப்பு. பெயர்களையும் விசாரணைச் செய்திகளையும் வெளியிடக் கூடாது. இம்மறைகாப்பு முறையிட்டவரின் மானத்தையும், குற்றம் உறுதியாகாத ஒருவரின் பெயரையும் ஒருங்கே காக்கிறது.

ஊரார் கூடிப் பேசி முடித்துவிடும் வழக்கம் நம் சிற்றூர்களில் உண்டு. வாய்க்கால் நீர், வரப்பு எல்லை போன்ற பூசல்களில் அது பயன் தரலாம். துன்புறுத்தல் புகாரில் அது வலியவரின் விருப்பத்தை எளியவர்மீது சுமத்துவதாக முடியக்கூடும். ஆகவேதான், முறையிட்ட பெண் தாமே கேட்டாலன்றிச் சமரசம் கூடாது என்றும், அவ்வாறு கேட்டாலும் பணம் அதற்கு அடிப்படையாக அமையக் கூடாது என்றும் சட்டம் கூறுகிறது.

பொய்ப்புகார் குறித்தும் தெளிவு வேண்டும். தீய நோக்கத்தோடு பொய் சொன்னவர்மீது நடவடிக்கை உண்டு. ஆனால், புகாரை மெய்ப்பிக்க இயலவில்லை என்பதனாலேயே அது பொய்யாகிவிடாது. தனியிடத்தில் நிகழ்ந்ததற்குச் சாட்சி கிடைப்பது அரிது. இவ்வேறுபாட்டை மறந்தால் அச்சத்தால் எவரும் முறையிட வாரார்.

பள்ளியிலும் இந்நெறியே

பதினெட்டு வயது நிறையாதோருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உள்ளது. இக்குற்றங்களைப் பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்க எவருக்கும் உரிமையில்லை. அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித்துறையின் 14417 ஆகிய உதவி எண்கள் மாணவர்களுக்காகவே இயங்குகின்றன. பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள 'மாணவர் மனசு' பெட்டியும் ஓர் ஆராய்ச்சி மணியே.

மணி தொங்குவதால் மட்டும் நீதி கிடைத்துவிடாது. அதன் கயிறு எளியவர் கைக்கு எட்ட வேண்டும். ஒலி கேட்டவர் காலம் தாழ்த்தாமல் ஆராய வேண்டும். இழுத்த கைக்குத் தீங்கு நேராமல் காக்க வேண்டும். தோழி ஒருத்தி தன் குறையைச் சொல்ல வரும்போது நகையாடாமலும் ஊரறியப் பரப்பாமலும் கேட்டு, உரியவரிடம் அழைத்துச் செல்லும் மாணவரும் அம்முறைமையில் பங்கு கொள்கிறார்.