சாவியை விடுங்க... பிளக்கைக் கழட்டுங்க!

ஊட்டிக்குப் போகிற கார்கள் டீ குடிக்க எங்கள் காரமடையில் நிற்கும். சித்திரை வெயிலில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், சிலதுக்குப் பிடிவாதம்! அதுவும் கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 என்றால் கேட்கவே வேண்டாம். (1983-ல் வந்து, 2014-ல் தயாரிப்பு நின்றாலும், எங்கள் பக்கம் இன்னும் சில ஓடுகின்றன.)

நின்ற எஞ்சினின் சூட்டில் கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோல் கொதித்து, வழிந்து உள்ளே இறங்கிவிடும். அப்போது சோக்கை இழுப்பதும், ஆக்ஸிலேட்டரைப் 'புசுக் புசுக்' என்று மிதிப்பதும் குளித்தவன் தலையில் இன்னொரு குடம் ஊற்றுகிற கதை. முழுசாக ஒரே மிதி, மிதித்தபடியே ஸ்டார்ட்டர். காற்று புகுந்து ஈரம் காயும்.

"எஞ்சினுக்கு வேணுங்கறது காத்து, பெட்ரோலு, நெருப்பு... அம்புட்டுத்தானுங்க. எது வரலைன்னு பாக்காம எதுக்குங்க சாமானை மாத்தறீங்க?" என்பார் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன்.

'டக்' என்ற சத்தத்தோடு ஹெட்லைட் மங்கினால் பேட்டரி. அல்லது அதன் முனையில் பூத்த உப்பு. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பிளக்கைக் கழட்டுங்கள். (பீடி, சிகரெட் பத்தடி தள்ளி!) ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பில்லை என்று சந்தேகிக்கலாம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிதமிஞ்சி எரிகிறது. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

கல்லாறு தாண்டி ஏற ஏற பழைய வண்டி சோர்ந்தால் பதற வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பாவம்! ஆனால் சமதளத்தில் ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் அழுத்தும்போது மட்டும் திக்கினால் பெட்ரோல் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம்.

இஞ்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாவியை 'ஆன்' செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'உய்ங்' கேட்கும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸ், அப்புறம்தான் பம்ப்.

ஸ்கேனர் விஷயத்தில்தான் பர்ஸ் கிழிகிறது. அது வலி எங்கே என்று சொல்லும். நோய் என்ன என்று சொல்லாது. என் ஆபீஸ் நண்பரின் கார் சிக்னலில் நின்றால் உதறும். ஸ்கேனர் 'பெட்ரோல் கம்மி' என்றது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். உதறல் அப்படியே!

நம்ம அண்ணன் ஒரு வேக்குவம் ஹோஸ் மேல் தண்ணீர் தெளித்தார். உதறல் ஒரு நொடி அடங்கியது. வெடிப்பு அங்கே! அது வழியாகத் திருட்டுக் காற்று.

"ஒரு சாண் ஓஸ் போதுமுங்க" என்றார் அண்ணன். கழட்டிய சென்சார் இப்போது நண்பரின் மேஜையில் பேப்பர் வெயிட்!