கல்யாண கேசட்டில் முகம் ‘டான்ஸ்’ ஆடுதா? காரணம் இதுதான்!

பரண் மேல கிடக்கும் பழைய கல்யாண வீடியோ கேசட்டை ‘ஏஐ’ மூலம் பளிச்சென மாற்றுவது இப்போது சாத்தியம். ஆனால் சில வீடியோக்களை ஓட விட்டால் ‘திடுக்’. மணமேடையில் இருக்கும் அம்மாவின் மூக்குத்தி ஒரு நொடி தெரிகிறது, மறு நொடி காணோம். சேலை ஜரிகை தண்ணி மாதிரி நெளிகிறது. நிறுத்திப் பார்த்தால் படம் சூப்பர். ஓடும்போதுதான் கோளாறு.

ஏன் இப்படி?

நம்ம ஊர் வீடியோ கேசட்டில் நொடிக்கு 25 படம் ஓடுது. ஒரு மணி நேரத்துக்கு 90 ஆயிரம் படம். ஆனால் 2022ல் வெளியான ‘ஸ்டேபிள் டிப்யூஷன்’ போன்ற மென்பொருள், ஒற்றைப் போட்டோ வரையப் பழகியது. வெறும் புள்ளிக் கூட்டத்தில் ஆரம்பித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து உருவம் கொண்டு வரும். மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. ‘இப்படித்தான் இருந்திருக்கும்’ என யூகித்து வரையும். 25 ஓவியர்கள், ஒருத்தர் வரைந்ததை இன்னொருத்தர் பார்க்காமல் ஒரே முகத்தை வரைந்தால் எப்படி? அதே கதைதான்.

தீர்வு என்ன?

* எல்லாப் படத்துக்கும் ஒரே புள்ளிக் கூட்டத்தில் ஆரம்பிப்பது. ஆட்டம் ஓரளவு குறையும். ஆனால் ஆள் நகரும்போது சேலை டிசைன் மட்டும் திரையிலேயே ஒட்டி நிற்கும்.

* முந்தின படத்தில் இருந்த கண்ணும் மூக்கும் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தன என்று கணக்குப் போட்டு, வரைந்ததைக் கூடவே நகர்த்துவது. முகத்துக்குக் குறுக்கே கை வந்தால் அந்த இடத்தை மட்டும் புதுசாக வரையணும்.

* பல படங்களை ஒன்றாக வைத்து, ஒன்றைப் பார்த்து ஒன்றைத் திருத்துவது. இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவை.

சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் வெளியிட்ட ‘அப்ஸ்கேல் எ வீடியோ’ முறை, கடைசி இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறது.

உஷார் மக்களே!

ஆட்டம் நின்றுவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீங்க. தப்பான முகத்தையே ஆடாமல் அசையாமல் காட்டவும் ஏஐக்குத் தெரியும். இறந்துபோன தாத்தாவின் முகம் கேசட்டில் மட்டும்தான் இருக்கு என்றால், யூகித்து வரைந்த முகத்தையா பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவது?

எனவே முதலில் ஒரு நிமிடத் துண்டைச் சோதனையாகக் கேளுங்க. ஆட்கள் நடமாடும் காட்சியாக இருக்கட்டும். நிறுத்திப் பார்க்காமல் ஓட விட்டுப் பாருங்க. ஏஐ கை வைக்காத நகல் ஒன்றைத் தனியாக வாங்கிக்கங்க. முக்கியமா, ஒரிஜினல் கேசட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க!