ஒரு நொடி ஏன் நின்றுபோனது? மாமாவின் யாஷிகாவைப் பிரித்த குறிப்புகள்

செட்டிகுளத்தில் என் தாய்மாமா இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மலைக்கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஒரே கேமராதான்: யாஷிகா மேட் 124ஜி. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல்களைப் போட்டு எடுத்த படங்கள் இன்னும் அவர் ஆல்பத்தில் இருக்கின்றன.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ட்ரங்க் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். “திருச்சில ஒரு கடையில காமிச்சேன் மாப்ள. பார்ட்ஸ் கெடைக்காது, ஷோகேஸ்ல வைங்கன்னுட்டான். எனக்கு ஒரே ஒரு ரோல் போட்டுப் பாக்கணும்.”

எனக்குப் பயம்தான். பல வருஷம் முன்பு வேறொரு கேமராவை அவசரமாகத் திறந்து ஒரு ஸ்பிரிங்கைத் தொலைத்தவன் நான். அது சந்தையில் வாங்கியது, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதை அப்படி விட முடியாது. அதனால் முதல் இரண்டு வாரம் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை, படித்தேன், அளந்தேன்.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம்

124ஜி 1970 முதல் 1986 வரை வந்த ஜப்பான் கேமரா. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் கண்ணாடி வழியாக நமக்குக் காட்சியைக் காட்டும்; கீழ் லென்ஸ் படம் எடுக்கும். 120 ஃபிலிமில் 12 படம். ஷட்டர் முழுக்க முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுவது. பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான்.

மாமாவின் கேமராவில் 1/125, 1/250 எல்லாம் சத்தமாக ‘கிளிக்’ என்றன. 1 நொடி வைத்தால் ஷட்டர் திறந்தது, மூடவே இல்லை. இது முக்கியமான தடயம். மெதுவான வேகங்களில் ஷட்டர் மூடுவதைத் தாமதப்படுத்த ஒரு குட்டிப் பல்சக்கரத் தொடர் உண்டு. பழைய கிரீஸ் காய்ந்து பசையானால் முதலில் மாட்டிக்கொள்வது அதுதான். அப்படியென்றால் எதுவும் உடையவில்லை, அழுக்குதான். பார்ட்ஸே தேவையில்லாத நோய்!

இந்த நிலையில் செல்ஃப் டைமரை மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள். அதுவும் பல்சக்கரம்தான். பாதியில் நின்றால் ஷட்டரையே பூட்டிவிடும்.

ஸ்க்ரூவில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்

ஜப்பான் கேமராவில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூ, நம் ஹார்டுவேர் கடை பிலிப்ஸ் அல்ல. ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரம். பிலிப்ஸ் டிரைவர் அதில் சரியாக உட்காராது, நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் டிரைவர் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வேலை செய்தது மாமா வீட்டுத் திண்ணையில். கீழே வெள்ளை வேட்டி விரித்து, அதன் மேல் ஒரு தாம்பாளம். ஒவ்வொரு ஸ்க்ரூ கழற்றும் முன்பும் மொபைலில் ஒரு படம். கழற்றிய ஸ்க்ரூவை முட்டை அட்டையில் வரிசையாக ஒவ்வொரு குழியில் வைத்தேன். திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்தால் போதும். மாமா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

முன்பக்கத் தோலை மெதுவாக உரித்தால், அதன் அடியில் முன்தகட்டின் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். கீழ் லென்ஸின் முன்பாகத்தை ரப்பர் வாஷர் அழுத்தித் திருகினால் வந்துவிடும். அது மரையை விட்டு வெளியேறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேல் லென்ஸை நான் தொடவே இல்லை. இரண்டு லென்ஸும் ஒரே தூரத்தில் ஃபோகஸ் ஆக வேண்டும். அந்த ஒற்றுமை குலைந்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது ஃபிலிமில் மங்கலாக விழும்.

உள்ளே வேக வளையம். அதன் ஓரத்தில் மேடும் பள்ளமுமாக வெட்டுகள். எந்த எண்ணுக்கு எந்த நெம்புகோல் எவ்வளவு நகர வேண்டும் என்பது அந்த வெட்டின் உயரத்தில் இருக்கிறது. நான் தினமும் புரோகிராமில் எழுதுகிற அட்டவணையை இவர்கள் உலோகத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பல்சக்கரத்தில் லைட்டர் ஃப்ளூயிட் இரண்டு சொட்டு, குச்சி நுனியால். பிறகு நூறு தடவையாவது ஷட்டரை இயக்கினேன். கறுப்பாக வந்த கசடைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். எண்ணெய் எதுவும் விடவில்லை. ஷட்டர் தகடுகள் காய்ந்தே ஓட வேண்டும். தேங்காய் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அடித்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லைட்டர் ஃப்ளூயிட் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம்.

சரியாகிவிட்டதா?

காதை நம்பக்கூடாது. மொபைலில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறதே, அது போதும். ஷட்டர் 1 நொடி திறந்திருந்தால் 240 ஃபிரேம், 1/8 என்றால் 30, 1/30 என்றால் 8. எனக்குக் கிடைத்தது 251, 33, 8. நெகட்டிவ் ஃபிலிமுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. 1/125-க்கு மேல் இந்த முறை உதவாது, ஃபிரேம் போதாது.

ஃபோகஸுக்கு: ஃபிலிம் ஓடும் இடத்தில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டி, ‘பி’யில் ஷட்டரைத் திறந்து வைத்து, தூரத்துக் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் தெளிவானது. அப்போதுதான் மூச்சு வந்தது.

ஏன் இப்படி ஆனது?

லென்ஸ் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி கொஞ்சம் பூஞ்சையும் இருந்தது. காரணம் தோல் உறை, அதற்கு மேல் மூடிய ட்ரங்க் பெட்டி. ஈரம் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடும்போது நாலு பக்கமும் காற்று போகும்படிதானே கட்டுகிறோம்? மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டால் அழுகும் என்று தெரியும். கேமராவும் அப்படித்தான். உறையிலிருந்து எடுத்து, காற்று படும் அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டுங்கள். ஓடாமல் கிடப்பதுதான் அதற்கு வியாதி.

லைட் மீட்டரை நான் சரிசெய்யவில்லை. அதற்கான பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. காது மெஷினுக்குப் போடும் 1.4 வோல்ட் ஜிங்க் பேட்டரி ஓரளவு ஒத்துப்போகும், வாங்கட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன்.

அவர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்தார். “எதுக்கு? இந்த வெயிலுக்கு 125, பதினொண்ணு.” குனிந்து ஃபோகஸ் செய்து என்னை ஒரு படம் எடுத்தார்.

12 படத்தில் 11 நன்றாக வந்திருக்கிறது. கெட்டுப்போன ஒன்று, நான் மாமாவை எடுத்தது. கை ஆடிவிட்டது.