மழையின் எதிரொலியும் மலைத்தோட்டமும்

கடலையே காணாத சபரகமுவ மலைத்தோட்டங்களுக்கும் கடற்பரப்பிலிருந்து மீளும் ராடார் எதிரொலிக்கும் யாது தொடர்பு என ஐயுறுவோர் உளர். கடல்அலையின் எதிரொலியும் மழைத்துளியின் எதிரொலியும் ஒரே நிகழ்தகவு விதியிலிருந்து பிறப்பன என்பதையே நாம் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

2016 மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுட் புதைந்தன. இரண்டிற்கும் காரணம் தொடர்ந்த கடுமழை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு, 100 பெய்யின் எச்சரிக்கை, 150 பெய்யின் வெளியேற்றம் எனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எல்லைகள் வகுத்துள்ளது. ஆகவே மழையின் அளவிலே நேரும் பிழை உயிரைத் தொடும் பிழையாகும்.

ராடார் அனுப்பும் துடிப்பை எண்ணிறந்த துளிகள் சிறுசிறு அலைகளாகத் திருப்புகின்றன. அவற்றின் அவத்தைகள் ஒழுங்கற்றவை; சில ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில அழிக்கும். துளிகள் இடம்பெயரவே மொத்த எதிரொலியும் கணத்துக்குக் கணம் மாறும். இத்தகைய கூட்டலை றேலி பிரபு 1880இல் ஒலியதிர்வுகளின் பொருட்டு ஆராய்ந்தார். அதன்படி எதிரொலியின் வீச்சம் றேலிப் பரம்பலையும் வலு அடுக்குக்குறிப் பரம்பலையும் பின்பற்றும். விளைவு வியப்பிற்குரியது. நூறு எதிரொலிகளுள் ஏறத்தாழ 63 சராசரிக்குக் கீழே நிற்கும். ஏறத்தாழ 14 சராசரியின் இருமடங்கையும் விஞ்சும். மழையோ சற்றும் மாறவில்லை!

மார்சல், பாமர் இருவரும் 1948இல் தந்த தொடர்பின்படி, எதிரொலியின் வலு மழைவீதத்தின் 1.6ஆம் அடுக்கிற்கு விகிதசமமாகும். எனவே வலுவை இருமடங்காகத் தவறி மதிப்பின் மழை ஒன்றரை மடங்காகத் தோன்றும். உண்மையான 65 மில்லிமீற்றர் 100 ஆகிவிடும். மக்கள் வீணே எச்சரிக்கப்படுவர். தோட்ட வழக்கிற் கூறின், அது ஒரு நாட் 'பேர்' இழப்பு. இத்தகைய இழப்பு இரண்டு மூன்று முறை நேர்ந்தால், நான்காம் எச்சரிக்கைக்கு லயனை விட்டு யார் எழுவர்?

ஒன்றையொன்று சாராத 64 எதிரொலிகளின் சராசரியை எடுப்பின், வலுவின் பிழை எட்டிலொன்றாகக் குறையும். ஆயின் சராசரி எங்கணும் ஒன்றே என்பது இம்முறையின் எடுகோள். கடலில் இவ்வெடுகோள் பொய்த்தது. நுண்ணிய பிரிதிறனுள்ள ராடார் பேரலையின் முகட்டையும் பள்ளத்தையும் தனித்தனியே காண்பதால், சராசரியே இடத்துக்கிடம் ஏறியிறங்குகிறது. 1976இல் ஜேக்மன், பியூசி ஆகியோர் முன்வைத்த கே-பரம்பல் இவ்வகைத் தெறிப்பை விவரிக்கப் பெரிதும் பயன்பட்டது. விரைவான துடிதுடிப்பைச் சிறுநேரச் சராசரி நீக்கும். அதன் அடியில் மெல்ல அசையும் பேரலையை நீக்காது.

மலைநாட்டு மழையும் அவ்வாறே என்பது நமது கருத்து. ஒரு சரிவில் கொட்டும் மழை அடுத்த சரிவில் தூறலாக நிற்பதைத் தோட்டத்தார் அறிவர். மேலும், அரைப் பாகை ஏற்றத்திற் செல்லும் கற்றை 100 கிலோமீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கும். கீழே பள்ளத்தாக்கில் வலுப்பெறும் மழையை அது காணாது. இடையிலுள்ள மலைகளின் எதிரொலியும் மழையெனத் தோன்றி மயக்கும். இப்பிழைகளைத் திருத்த, அலுவலக முற்றத்து மழைமானியோடு லயன்களுக்கு மேலுள்ள சரிவிலும் ஒரு மழைமானி நிறுவி, நாளுக்கொரு முறையன்றி மணிதோறும் அளவெடுத்தல் வேண்டும்.