நிரலைத் திருத்தும் பொறி

மதுரையை அடுத்த இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உள்ளன. இத்துறையில் இளைஞர் எழுதும் நிரலைத் திருத்தவும் ஓர் ஆசிரியர் உண்டு. கட்டுரை நோட்டுகளைத் திருத்தியே காலங்கழித்த என் போன்றவரல்லர். அவர் ஒரு மென்பொருள்.

பெரிய நிரலொன்றைப் பலர் பகுதி பகுதியாக எழுதுவர். மாதக் கடைசியில் கொணர்ந்து இணைத்தால் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆதலின் நாள்தோறும் பொதுக் களஞ்சியத்திற் சேர்ப்பர். சேர்த்தவுடன் ஜென்கின்ஸ் போன்றதொரு மென்பொருள் முழு நிரலையும் தானே கட்டிச் சோதிக்கும். இதுவே தொடர் ஒருங்கிணைப்பு. அவ்வேளையிலேயே மற்றொரு கருவி, நிரலை இயக்காமல், எழுத்தை மட்டும் வாசித்து ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டும். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் சி மொழிக்கென இயற்றிய ‘லின்ட்’ இவ்வகைக்கு முன்னோடி. ஆடையில் ஒட்டும் பஞ்சுத்தூசிக்கு ஆங்கிலத்தில் அப்பெயர்.

தூசிதானே என்று எண்ணிவிடாதீர்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் மென்பொருளில் ஒரு பிழையை அவசரமாகத் திருத்த நேர்ந்தது. ‘கோட்டு ஃபெயில்’ என்னும் ஒரு வரி தவறுதலாக இருமுறை பதிந்திருந்தது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவதோ நிபந்தனையின்றி எப்போதும் நிறைவேறும். எதிர்முனையில் இருப்பவர் மெய்யானவர்தாமா எனக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வரிகள் அதன்கீழ் இருந்தன. கணிப்பொறி அவற்றை எட்டவேயில்லை. சோதனை வென்றதாகவே விடை வந்தது. வங்கியைப் போல் வேடமிட்டு இடைநின்று கடவுச்சொல்லைக் களவாட வருபவனுக்கும் கதவு திறந்துகிடந்தது. எட்ட இயலாத வரிகளைக் காட்டிக்கொடுப்பது இக்கருவிகளுக்கு எளிய வேலை.

வகுத்த அளவுக்கு மேல் குறை கண்டால் கட்டும் பணியே தோல்வியுற்று நிற்குமாறு அமைக்கலாம். ஆனால் பழைய நிரலில் முதல் நாளே இதை ஏவினால் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கிற் குவியும், எவரும் படியார். ஏடு முழுவதும் சிவப்பு மை கண்ட மாணவன் ஒரு திருத்தத்தையும் படிப்பதில்லை. புதிதாய் எழுதும் வரிகளிடம் மட்டும் முதலிற் கண்டிப்புக் காட்டுவதே முறை என்பேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் பயில்வோர் ‘பைலின்ட்’ என்னும் கருவியை விலையின்றிப் பெற்றுப் பழகலாம். எனினும், வட்டிக் கணக்கில் கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருந்தால் அது வாய் திறவாது, இலக்கணம் பிழையற்றிருக்கிறதல்லவா? அதைப் பிடிக்க, விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சோதிக்கவேண்டும்; வட்டிக் கணக்கு அறிந்த ஒருவர் அமர்ந்து படிக்கவும் வேண்டும்.