பழைய எழுத்து மேசை: பார்த்து வாங்கினால் இலாபம்

வியாபாரப் பக்கத்தில் மேசையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில வாசகர்கள் நினைக்கலாம். மரக்கறி விலை, டொலர் விலை, வங்கி வட்டி என்று எழுதி வந்த பக்கம் இது. ஆனால் கடந்த ஆண்டு தம்புள்ளையிலுள்ள என் வீட்டுக்கு ஒரு பழைய எழுத்து மேசை வாங்கியதிலிருந்து, வந்து போகிறவர்கள் "என்ன விலை, எங்க எடுத்தீங்க?" என்று கேட்காமல் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது இலகு. பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தே விலை சொல்லுகின்ற ஊர் எங்களுடையது. 1999இல் பொருளாதார மத்திய நிலையம் வந்த பிறகு அந்தக் கைப்பழக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. பழைய மரச் சாமானுக்கும் அப்படி ஒரு கைப்பழக்கம் தேவை.

எனக்கு மேசை தேவைப்பட்டது அலங்காரத்துக்காக அல்ல. கடைக் கணக்கை இரவில் வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறேன். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் என் பில் புத்தகம், மறுபக்கம் அவளுடைய இரசாயனவியல் கொப்பி, நடுவில் கறிச்சட்டி. முன்பு வீட்டிலிருந்த இரண்டு 'கம்பியூட்டர் மேசை'களும் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. தம்புள்ளை வெயிலைத் தாங்கிய அவை, ஒக்டோபருக்குப் பிந்திய மழைக்காலத்தைத் தாங்கவில்லை. கால் ஊறியது, ஓரத்துத் தாள் உரிந்தது. அந்தப் பலகையில் திருகாணி ஒரு தடவை கழன்றால் அதே துளையில் மறுபடி இறுக்கமாகப் பிடிக்காது. திருத்துகிறவர் கைவிரித்தால் வீசத்தான் வேண்டும். இரண்டுக்கும் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தேன். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் உண்மையான மரத்தில் ஒரு பழைய மேசை கிடைக்கும் என்று தெரிந்தது.

பழைய மேசைகள் நம் பகுதிக்கு எப்படி வந்தன என்பது ஒரு சுவையான கதை. நாம் வாயில் புழங்கும் மேசை, கதிரை, அலுமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். லாச்சியும் கந்தோரும் ஒல்லாந்தர் கொடுத்தவை. ஆனால் மாத்தளை மாவட்டத்தில் இன்று கைக்கு அகப்படும் மேசைகளில் பெரும்பாலானவை அவர்கள் காலத்தவை அல்ல. அவை ஆங்கிலேயர் காலத்துத் தோட்டக் கந்தோர்களிலிருந்தும், துரைமாரின் பங்களாக்களிலிருந்தும், கச்சேரி, நீதிமன்றம் போன்ற இடங்களிலிருந்தும் வந்தவை. முதலில் கோப்பி, 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலை, கொக்கோ, இறப்பர். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. இத்தனைக்கும் கணக்கு எழுத வேண்டும். கணக்கு எழுத மேசை வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் கைமாறிய பிறகு பங்களாச் சாமான்கள் பல வழிகளில் வெளியே சிதறின. சில ஏலத்தில் போயின, சில கிளாக்கர்மாரின் வீடுகளுக்குப் போயின, சில கோழிக் கூட்டுக்கு மேலே பலகையாகவும் கிடந்தன.

இந்தப் பழைய மரச் சாமான் வியாபாரத்தில் நம்மவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கொழும்பின் அலைதாங்கி வரும் வரைக்கும் பெரிய நீராவிக் கப்பல்கள் பெரும்பாலும் காலிக்குத்தான் வந்தன. அங்கே இறங்கிய பிரயாணிகளுக்கு மாணிக்கக் கல்லோடு கருங்காலிப் பெட்டி, முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டி, ஆமையோட்டுச் சாமான் என்று விற்றவர்களில் சோனக வியாபாரிகள் முன்னணியில் நின்றார்கள். கடிதம் எழுதுவதற்கான சாய்வு மூடி வைத்த சிறு பெட்டிகளும் அந்தக் காலத்து இலங்கைக் கைவேலைகளில் உண்டு. அதுதான் அந்தக் காலத்து 'லெப்டொப்'.

எழுத்து மேசையில் பல ரகம் இருந்தாலும் நமது பக்கத்தில் காணக்கூடியவை மூன்றுதான். இரண்டு பக்கமும் லாச்சி வரிசை வைத்து நடுவில் முழங்கால் இடம் விட்ட பெரிய மேசை ஒன்று. சாய்வான மேற்பலகை கொண்ட கிளாக்கர் மேசை இன்னொன்று. மூன்றாவது, மரச் சட்டங்களைத் துணியில் ஒட்டிச் செய்த மூடி சுருண்டு இறங்கும் 'ரோல் டொப்'. அமெரிக்காவின் பஃபலோ நகரத்து அப்னர் கட்லர் 1882இல் உரிமம் பெற்று உலகமெங்கும் பிரபலமாக்கிய வகை அது. அகப்பட்டாலும் அநேகமாகச் சுருள் மூடி சிக்கியிருக்கும். வீட்டுக்கு உதவுவது முதல் ரகம்தான்.

நான் தேடத் தொடங்கி ஏழு மாதம் சென்றது. கண்டியில் பார்த்தவற்றின் விலை சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. இந்தச் சாமான்களுக்கு ஒரு மவுசு வந்ததில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்கும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம். நம்மூருக்குப் பக்கத்தில் 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலைக் கட்டியவர் அவர். பழைய கதவு, தூண், கதிரைகளைத் தேடிச் சேர்த்துத் தன் வீட்டிலேயே பாவித்தவர். அதுவரை 'பழசு' என்று பின்வாசலில் கிடந்த சாமான் பிறகு முன்ஹோலுக்கு வந்தது, விலையும் கூடவே ஏறியது.

கடைசியில் நாலந்தைக்கு அண்மையில், மாத்தளை வீதியோரத்துத் தச்சுப் பட்டறை ஒன்றின் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒன்று அகப்பட்டது. மேலே சீமெந்துப் பைகள். பட்டறைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி.

"ஹாஜியார், இது ஒல்லாந்தர் காலத்து மேசை. வெள்ளைக்காரன் கண்டால் இரண்டு லட்சம் தருவான். உங்களுக்கு எண்பத்தைந்து" என்றார்.

நான் பதில் சொல்லாமல் லாச்சி ஒன்றை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்தேன். பழைய மேசை வாங்கும்போது முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். மேற்பலகையை யாரும் பொலிஷ் போட்டு மினுக்கலாம். லாச்சியின் அடியை மினுக்குகிறவர் குறைவு. அடிப்பலகையில் அடித்திருந்தவை உருண்டையான கம்பி ஆணிகள். அந்த ஆணி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். ஒல்லாந்தர் கொழும்பைக் கையளித்தது 1796இல். ஆணி பிறகு திருத்தும்போது அடித்ததாகவும் இருக்கலாம் என்பதால் சுற்றிப் பார்த்தேன். பழைய துளை ஒன்றும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, இங்கிலீஷ்காரன் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

காலம் பிந்தியது என்பதால் மேசை மட்டமாகிவிடவில்லை. லாச்சியின் மூலைகளில் புறாவால் மூட்டு இருந்தது. புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். எல்லாப் பற்களும் அச்சொட்டாக ஒரே அளவென்றால் இயந்திர வேலை. சிறிதும் பெரிதுமாக, பக்கத்தில் அளவுக்குக் கீறிய கோடும் தெரிந்தால் கைவேலை. என்னுடையது கைவேலை. மரம் முதிரை, தேன் நிறம், வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுத் துணி போல ரேகை மாறும். லாச்சிகளின் உட்பலகை மட்டும் மலிவான வேறு மரம். அது குறையல்ல, அந்தக் காலத்து ஆசாரிகளும் செலவு பார்த்தே வேலை செய்தார்கள். ஆனால் மேற்பலகை ஒரு மரமும் கீழ்ப்பெட்டிகள் வேறு மரமுமாக இருந்தால் கேள்வி கேளுங்கள். இரண்டு உடைந்த மேசைகளை ஒன்றாக்கி விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

அடுத்தது பூச்சி. சின்னத் துளைகள் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். துளையிலிருந்து புது மாவு கொட்டுகிறதா என்று பாருங்கள். கறையான் வேறு விஷயம். கால்களின் அடியைத் திருப்புளி முனையால் குத்திப் பார்த்து, உள்ளே போனால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். என் மேசையில் பின் கால் ஒன்று ஓர் அங்குலம் அளவுக்கு உக்கிப் போயிருந்தது. இரண்டு பூட்டுக்குச் சாவியும் இல்லை. இவற்றைக் காட்டிப் பேசிப் பேசி 62,000 ரூபாவில் நின்றோம். ஏற்றி வர லொறிக்கு 4,000. (வீட்டு வாசலை முதலில் அளந்துகொண்டு போங்கள். நல்ல மேசையில் மேற்பலகை தனியாகவும் இரண்டு பெட்டிகளும் தனித்தனியாகவும் கழரும், அது வசதி.)

வாங்குவதைவிடக் கஷ்டம் திருத்த ஆள் தேடுவது. பார்த்தவரெல்லாம் "இயந்திரத்தில் தேய்த்துப் புதுசு போல ஆக்கித் தருகிறேன்" என்றார்கள். புதுசு வேண்டுமென்றால் புதுசே வாங்கியிருப்பேனே! அரத்தாள் போட்டு ஒரு படை மரத்தை எடுத்துவிட்டால், பல்லாண்டு கை பட்டு வந்த நிறமும் விலையில் பாதியும் தூளோடு போய்விடும். முதலில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். அரக்குப் பூச்சி தரும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய முறை அது. அதற்கு மேலேயே மறுபடி அரக்குப் பூசி எடுக்கலாம், சுரண்டத் தேவையில்லை.

மாத்தளையில் எழுபது வயது தாண்டிய பாஸ் ஒருவர் இந்த வேலையை ஏற்றார். உக்கிய காலுக்கு அதே முதிரையில் ஒட்டுப் போட்டு, பஞ்சுப் பொட்டலத்தால் பன்னிரண்டு நாள் பூசினார். கூலி 18,000. மேலே தேன்மெழுகு. கடைசி லாச்சியின் அடியில் யாரோ பென்சிலால் இறாத்தலிலும் அந்தரிலும் கூட்டிய கணக்கு ஒன்று இருந்தது. அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். அவருடைய மகன்மார் இருவரும் கொரியாவில். இந்தப் பொலிஷைக் கற்றுக்கொள்ள எவரும் வரவில்லை என்றார். அலுவிகாரையில் ஏனா டி சில்வா அம்மையார் (1922–2015) கிராமத்தவர்களைக் கொண்டு பத்திக், பித்தளை, மரவேலை செய்து வெளிநாட்டாரும் தேடிவரும் பெயரை உண்டாக்கியது இதே மாத்தளையில்தான். தொழில் தேடும் நமது இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம். புதுக் கதிரை செய்யப் பெரிய முதல் வேண்டும். பழையது திருத்த ஒரு பாஸிடம் ஒரு வருடம் நின்றால் போதும். வேலைக்குத்தான் ஆள் இல்லை.

ஆக மொத்தம் 84,000 ரூபா. இரவு பத்து மணிக்குக் கணக்கை முடித்து எழுந்தால் என் இடத்தில் மகள் உட்காருவாள். முதிரை மரத்தை உயிரோடு பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதால் கண்டலம வீதியிலுள்ள பொப்ஹம் மரச்சோலைக்குக் கூட்டிப் போனேன். சாம் பொப்ஹம் என்ற முன்னாள் தோட்டத்துரை 1963இல் தொடங்கியது. நட்டுப் பார்த்துச் சரிவராமல், முட்புதரை மட்டும் வெட்டி, தானாக முளைத்த கன்றுகளைக் காத்து வளர்த்துக் காடாக்கினார். முதிரையும் கருங்காலியும் அங்கே நிற்கின்றன. எவ்வளவு மெதுவாக வளரும் மரம் என்று பார்த்தபின் மேசையில் தேநீர்க் கோப்பையை அடித்தட்டு இல்லாமல் வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வருவதில்லை.

விற்கப் போகிறவர்களுக்கும் இந்தக் கைப்பழக்கம் வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பின் வீட்டுச் சாமானை விற்றுச் செலவு பார்த்த குடும்பங்களை நாம் அறிவோம். உக்குவளையில் எனக்குத் தெரிந்த ஓர் உம்மா, மாமனாரின் மேசையை லொறியில் வந்த பழைய சாமான்காரருக்குக் கொடுக்க இருந்தார். மகனின் பல்கலைக்கழகச் செலவுக்கு அவசரம். "அது சும்மா கறுத்த மரம் தம்பி, இடத்தை அடைச்சிட்டு நிக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். மேற்பலகையும் லாச்சி முகங்களும் தேக்கு, விளிம்பில் கருங்காலிக் கோடு, எல்லாம் கைவேலை. கறுப்பு வெறும் புகையும் பழைய எண்ணெயும். ஒரு ஓரத்தைத் துடைத்துக் காட்டினேன்.

லண்டனிலிருக்கும் அவருடைய சகோதரர், தனக்கு அனுப்பிவிடும்படி தொலைபேசியில் சொன்னார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தளபாடத்தைக் கலாசாரச் சொத்தாக வகைப்படுத்தும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. கலாசாரச் சொத்தை நாட்டுக்கு வெளியே அனுப்புவதைக் கட்டுப்படுத்த 1988இன் 73ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கப்பலில் ஏற்றினால் சிக்கல் என்று விளக்கினேன். வெளிநாட்டு உறவினருக்கு மேசை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளட்டும்.

பிறகு மாத்தளைப் பாஸையே கூட்டிவந்து விலை மதித்தோம். ஒரு சட்டத்தரணி தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார், 70,000 ரூபாவுக்கு. லொறிக்காரர் சொல்லியிருந்தது 7,000.